சிங்கப்பூர் பெர்மிட்: 63 வயதுவரை உழைக்கலாம், குடும்பத்தோடு வாழ முடியாது

2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் ஒரு முக்கியமான விதி மாறியிருக்கிறது. வொர்க் பெர்மிட்டில் வேலை பார்ப்பவர் மொத்தம் இத்தனை ஆண்டுகள்தான் அங்கே வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பை அந்நாட்டு மனிதவள அமைச்சு எடுத்துவிட்டது. அதற்கு முன்பு, நாடு, துறை, திறன்நிலை ஆகியவற்றைப் பொறுத்து 14 ஆண்டு முதல் 26 ஆண்டுவரை வரம்பு இருந்தது. அதோடு, வேலை செய்யக்கூடிய வயது 60லிருந்து 63 ஆக உயர்ந்திருக்கிறது. புதிதாக விண்ணப்பிப்பவர் 61 வயதுக்குள் இருந்தால் போதும்.

தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் நிற்கும் வீடுகளுக்கு இது நல்ல செய்திதான். கையில் தொழில் இருந்தும் ஆண்டுக்கணக்கு முடிந்ததால் மூட்டை கட்ட வேண்டிய நிலை இனி இல்லை. ஆனால் கேட்டதும் பலர் மனதில் எழும் அடுத்த கேள்வி வேறு. இவ்வளவு காலம் இருக்கலாம் என்றால் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாமா? பி.ஆர். எனப்படும் நிரந்தரவாசம் கேட்கலாமா? இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான்.

ஏன் இல்லை என்று விளங்க வேண்டுமானால் இந்த முறை எதை வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் விதிகள் ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதைவிட மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்பதையே பார்க்கின்றன. பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவரும் அதை ரத்து செய்பவரும் முதலாளிதான். ஊழியர் தன் பெயரில் தானே விண்ணப்பிக்க முடியாது. அரசாங்கம் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் முதலாளியின் மேல்தான் வைத்திருக்கிறது. அவை கடைசியில் வந்து இறங்குவது ஊழியரின் தலையில்.

முதலாளியின் கணக்கு

கட்டுமானத் துறையை எடுத்துக்கொள்வோம். கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலைப் பணிகள்) ஆகிய மூன்று துறைகளிலும் சேர்த்து 2024 முடிவில் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட பெர்மிட் ஊழியர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஆண்களில் பெரும்பங்கு இங்கேதான் சேர்கிறது. ஊரில் 'டெஸ்ட் அடித்து', அதாவது தொழில்திறன் தேர்வு எழுதி, போகிறவர்கள் எல்லாம் இவர்களே.

இந்தியாவிலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ வந்த ஓர் ஊழியரை வைத்திருக்கும் கட்டுமான கம்பெனி, அவருக்காக அரசாங்கத்துக்கு மாதாமாதம் லெவி என்ற வரி கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர்திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி. புதிதாகப் போகிறவரின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18, 20 வெள்ளி என்று இருப்பது அபூர்வம் அல்ல. 20 வெள்ளி வீதம் 26 நாள் என்றால் 520 வெள்ளி. ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தைவிட அவருக்காகக் கட்டப்படும் லெவி அதிகம்! இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே பல விஷயம் பிடிபடும். கம்பெனிக்கு ஒரு ஆளின் செலவு 1,400 வெள்ளிக்கு மேல் போகிறது, தங்குமிடச் செலவு தனி. ஆனால் அந்த ஆள் கையில் வாங்குவது அதில் பாதிகூட இல்லை. அதனால் அவர் ஓவர்டைமை நம்பி வாழ்கிறார். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது சட்டம். மாதத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்பதும் சட்டம்.

லெவியை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "லெவி காசு" என்று சொல்லிப் பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் அது குற்றம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒருவர் உயர்திறன் நிலைக்குப் போனால் கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம், ஆண்டுக்கு 4,800 வெள்ளி. கோர் டிரேடு, மல்டி ஸ்கில் போன்ற தேர்வுகள் வழியாக அந்த நிலைக்குப் போகலாம். 6 ஆண்டு அங்கே வேலை செய்து, 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் வாங்குகிறவருக்குத் தனியாக ஒரு வழி உண்டு. மிச்சமாகும் 4,800 வெள்ளியில் ஊழியருக்குப் பங்கு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவரின் பேச்சுக்கு எடை கூடும்.

அடுத்தது கோட்டா. ஒரு கட்டுமான கம்பெனி ஒரு உள்ளூர் ஊழியருக்கு 5 பெர்மிட் ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். 2024க்கு முன்பு 7 பேர். உள்ளூர்க்காரர் என்றால் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லது நிரந்தரவாசி. அவரும் முழுதாகக் கணக்கில் வர வேண்டுமானால் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் தர வேண்டும். 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளியாக இருந்தது. சரி, இது ஊழியரை எப்படித் தொடும்? இரண்டு உள்ளூர் ஆட்களும் பத்து பெர்மிட்காரர்களும் உள்ள ஒரு சிறு கம்பெனியில், அலுவலகக் கணக்குப் பார்க்கும் உள்ளூர் ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டால், ஐந்து பேரின் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம். அந்த ஐந்து பேரும் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லக்கூட ஆள் இருக்காது. ஒருநாள் மாலை டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள்.

மூன்றாவது, பிணைத்தொகை. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். ஊழியரைத் திருப்பி அனுப்பாவிட்டாலோ, சம்பளத்தை நேரத்துக்குக் கொடுக்காவிட்டாலோ அது பறிபோகலாம். ஊழியர் காணாமல் போய்விட்டால், தேடுவதற்கு நியாயமான முயற்சி எடுத்த முதலாளிக்கும் பாதித்தொகை போகும். ஊழியரைப் பாதுகாக்கவே இந்த ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே பிணை சில முதலாளிகளை ஆளைக் காவல் காக்கவும் தூண்டுகிறது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கத்துக்கு இது ஒரு காரணம். ஊழியரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டவிரோதம். கேட்டால் தர வேண்டும், தராவிட்டால் புகார் செய்யலாம்.

மருத்துவக் காப்பீடு விஷயத்தில் நிலைமை உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய ஆண்டுக் காப்பீடு குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000தான். ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் அந்தப் பழைய தொகை எந்த மூலைக்கும் காணாது.

ஏஜென்ட் காசு, ரினிவல் காசு

பெர்மிட் முதலாளியின் கையில் இருப்பதால் அதற்கு ஒரு விலையும் வந்துவிட்டது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஊழியரிடம் வாங்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். கிராமத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், லட்சக்கணக்கில்தான் சொல்வார்கள். நிலத்தை அடகு வைத்து, நகையை வங்கியில் வைத்து, கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிய காசு அது. முதல் ஓராண்டுச் சம்பளம் அதற்கே போய்விடுகிறது.

இந்த இடைவெளி எப்படி வந்தது? சிங்கப்பூர்ச் சட்டம் தன் எல்லைக்குள் இருக்கும் ஏஜென்ட்டைத்தான் பிடிக்கும். ஊரில் இருக்கும் துணை ஏஜென்ட், டெஸ்ட் சென்டரோடு தொடர்புள்ள தரகர், "எங்க மாமா கம்பெனியில சூப்பர்வைசர்" என்று வரும் உறவுக்காரர், இவர்களை அது தொடாது. இந்தியப் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது பார்ப்பார், காப்பீடும் கட்டாயம். சிங்கப்பூர் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. நன்றாக நடக்கும் நாடு என்று நம்பி விலக்கு கொடுத்திருக்கலாம். விளைவு என்னவென்றால், சிங்கப்பூருக்குப் போகும் தொழிலாளியின் ஒப்பந்தத்தை விமானம் ஏறும் முன் அரசுத் தரப்பில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கைக்கான விலையைத் தொழிலாளி கொடுக்கிறார்.

வேலையில் சேர்ந்த பிறகும் இது தொடரும். பெர்மிட் பொதுவாக 2 ஆண்டு வரைக்கும்தான். முடியும் நேரத்தில் "புதுப்பிக்க வேண்டுமானால் இவ்வளவு கொடு" என்று கேட்கும் முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் உண்டு. வேலை தருவதற்கோ புதுப்பிப்பதற்கோ ஊழியரிடம் முதலாளி காசு வாங்கினால் 30,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் காசு ரொக்கமாகக் கைமாறும், ரசீது இருக்காது. புகார் செய்தால் பெர்மிட் ரத்தாகும் என்ற பயம் வேறு. கடன் பாக்கி இருக்கும்போது யார் துணிவார்கள்?

அரசாங்கம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டுமான ஊழியர், தன் பெர்மிட் முடிய 40 நாள் முதல் 21 நாள்வரை உள்ள காலத்தில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம். புதிய கம்பெனி அந்த நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் என்றால் சம்மதம் வேண்டும். இந்த மூன்று வாரத்துக்கும் குறைவான ஜன்னலைத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வேலை தேடி மாறிக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள் ரினிவல் காசு கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டு ஆண்டுக்கு மூன்று வாரம் என்பது சுதந்திரம் ஆகாது. அடிமைத்தனத்தை அது கொஞ்சம் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

குடும்பம் எங்கே வருகிறது

பெர்மிட் ஊழியர் மனைவியையோ பிள்ளைகளையோ உடன் வைத்துக்கொள்ள முடியாது. சுற்றுலா விசாவில் சில வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், ஆனால் ஊழியர் விடுதியான டார்மிட்டரியில் தங்க முடியாது. அதனால் பெரும்பாலோர் அதைக்கூட நினைப்பதில்லை. பெர்மிட் ஊழியர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். பெர்மிட் முடிந்துபோன பிறகும் இந்த நிபந்தனை விடாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னும் கடுமை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்றால் அனேகமாக வேலை போய்விடும்.

பெர்மிட்டில் இருக்கும்வரை பி.ஆர். விண்ணப்பத்துக்குத் தகுதியே கிடையாது. 25 ஆண்டு கட்டடம் கட்டியவருக்கும் நேற்று வந்தவருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. சிபிஎஃப் என்ற சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். எனவே 25 ஆண்டு முடித்து 63 வயதில் திரும்புகிறவர் கையில் ஓய்வூதியம் என்று எதுவும் இருக்காது. உயர்திறன் லெவி 500 என்றே வைத்தாலும் 25 ஆண்டில் அது ஒன்றரை லட்சம் வெள்ளி. அவர் பெயரைச் சொல்லி அரசாங்கத்துக்குப் போன பணம் அது. அதில் ஒரு சிறு பங்கையாவது அவர் பெயரில் சேமிப்பாக வைத்து, ஊர் திரும்பும்போது கொடுக்கலாம் என்பது என் திடமான கருத்து. ஆண்டு வரம்பை எடுத்த பிறகு இவர்களைத் தற்காலிக ஊழியர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க நியாயம் இல்லை. இளைஞனாக வந்து கிழவனாகப் போகலாம் என்று விதியே சொல்லும்போது, மனைவி ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் வந்து தங்க ஒரு வழி செய்வது பெரிய சலுகை அல்ல.

தங்குமிடம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 கொரோனா காலத்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்குமிடங்களில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு புதிதாகக் கட்டும் டார்மிட்டரிகளில் ஒரு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று விதி வந்தது. பழைய டார்மிட்டரிகள் 2030க்குள் இடைக்காலத் தரத்துக்கும் 2040க்குள் முழுத் தரத்துக்கும் மாற வேண்டும். 2040! இன்று 45 வயதில் அங்கே படுத்திருப்பவர் அதற்குள் 60ஐ நெருங்கியிருப்பார்.

சம்பளம் கூடினால் கதவு திறக்கிறதா

பெர்மிட்டுக்கு அடுத்த படி, நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸ். அதற்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. வயது கூடக் கூட அதுவும் கூடி, 45 வயதுக்காரருக்கு 4,800 ஆகிறது. கம்பெனி கட்ட வேண்டிய லெவி 650 வெள்ளி. எஸ் பாஸில் இருப்பவர் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மனைவி பிள்ளைகளைச் சார்ந்திருப்போர் அனுமதியில் அழைக்க 6,000 வெள்ளி நிலையான மாதச் சம்பளம் வேண்டும். 2015 செப்டம்பருக்கு முன்பு 4,000, பிறகு 5,000, 2018 ஜனவரி முதல் 6,000. ஆக எஸ் பாஸ்காரர் பெரும்பாலும் ஒரு வினோதமான இடத்தில் நிற்கிறார். நாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போடத் தகுதி உண்டு, மனைவியோடு தங்கத் தகுதி இல்லை. இந்த எஸ் பாஸை வைத்துத்தான் பெரிய ஏமாற்றும் நடக்கிறது. தாளில் 3,300 காட்டிவிட்டு, வங்கியில் போட்ட சம்பளத்தில் ஒரு பகுதியைத் திரும்ப ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் கம்பெனியில் சேர்ந்தால், மாட்டும்போது ஊழியரும் சேர்ந்து மாட்டுவார்.

உயர்நிலை ஊழியர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனப்படும் இ.பி. 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளியில் தொடங்குகிறது, நிதித்துறைக்கு 6,200. நிதித்துறை தவிர மற்றவற்றில் 45 வயதில் இந்தக் கோடு 10,700 ஆகிவிடும். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஐடி வேலைக்குப் போய், நடுவயதில் புதுப்பிக்க முடியாமல் திரும்புகிறவர்கள் பலர் இந்தக் கோட்டில்தான் சறுக்குகிறார்கள். சம்பளக் கோட்டைத் தாண்டினால் காம்பஸ் என்ற புள்ளி முறை. 2023 செப்டம்பரில் வந்தது, 40 புள்ளி எடுக்க வேண்டும். அதில் ஒரு அளவுகோல், கம்பெனியில் அதே நாட்டுக்காரர் எவ்வளவு பேர் என்பது. உயர்நிலை ஊழியர்கள் 25 பேராவது உள்ள கம்பெனியில் அவர்களில் கால்வாசியோ அதற்கு மேலோ இந்தியர்களாக இருந்தால், புதிதாகச் சேரும் இந்தியருக்கு அந்தப் பகுதியில் பூஜ்யம்தான். அவருடைய படிப்புக்கும் திறமைக்கும் இதில் சம்பந்தம் இல்லை. எந்தக் கம்பெனியில் சேர்கிறார் என்பதைப் பொறுத்தது. வேலை மாறும்போது இதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இ.பி. குடும்பங்களிலும் ஒரு இழப்பு நடந்தது. சார்ந்திருப்போர் அனுமதியில் வந்த மனைவி முன்பு எளிதான ஓர் அனுமதிக் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். 2021 மே முதல் தனக்கென்று சொந்தமாக ஒரு பாஸ் எடுத்தால்தான் முடியும். படித்து வேலை பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் அதோடு வீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. பெற்றோரை நீண்டநாள் வைத்துக்கொள்ளச் சம்பளம் 12,000 வேண்டும்.

பி.ஆருக்கு வெளியில் தெரியும் புள்ளிக் கணக்கு எதுவும் இல்லை. உறவுகள், வருமானம், படிப்பு, வயது, தங்கிய காலம் எல்லாம் பார்ப்போம் என்கிறார்கள். மறுத்தால் காரணம் சொல்வதில்லை. கிடைத்தாலும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெற்றோர் வழியாக பி.ஆர். பெறும் ஆண் பிள்ளை இரண்டு ஆண்டு தேசிய சேவை (ராணுவம், காவல் போன்றவற்றில் கட்டாயப் பணி) செய்ய வேண்டும். செய்யாமல் பி.ஆரைத் துறந்தால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். பையனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது கையெழுத்துப் போடும் பெற்றோர் இதைப் பேசி முடிவெடுத்துவிட்டுப் போடட்டும்.

போவதற்கு முன்னும், வருவதற்கு முன்னும்

பெர்மிட்டில் போகிறவருக்கு ஐபிஏ என்ற முன்அனுமதிக் கடிதம்தான் ஆயுதம். அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊழியர் புரிந்துகொள்ளும் மொழியில், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னரே அவருக்கு அது வந்துசேர வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளத்துக்கு மதிப்பில்லை, கடிதத்தில் உள்ள எண்தான் செல்லும். ஊழியர் எழுத்தில் சம்மதிக்காமல், அமைச்சுக்கும் தெரிவிக்காமல் அதைக் குறைக்க முடியாது. அதனால் அங்கே போனதும் நீட்டப்படும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஐபிஏவைப் படம் எடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போங்கள். வேலை நேரத்தைத் தன் நோட்டில் தினமும் எழுதிவைப்பவரின் ஓவர்டைம் புகார் நிற்கும். சம்பள ரசீது கொடுப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம், அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

சம்பளம் பாக்கி என்றால் டாடெம் எனப்படும் முத்தரப்புச் சமரச மையத்தில் முறையிடலாம். பேசித் தீராவிட்டால் தொழில் கோரிக்கைத் தீர்ப்பாயம், 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம். வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலை முடிந்திருந்தால் 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும். டிடபிள்யூசி2, ஹோம், வெளிநாட்டு ஊழியர் நிலையம் ஆகிய ஊழியர் நல அமைப்புகள் உதவும், தமிழ் பேசுகிறவர்களும் அங்கே உண்டு. வழக்கு முடியும்வரை சிறப்பு அனுமதியில் தங்கலாம், ஆனால் பொதுவாக அந்தக் காலத்தில் வேலை செய்ய முடியாது. அதுதான் பலரைப் பின்வாங்க வைக்கிறது. "ஊருக்குப் போய்விடு, மீதியை அனுப்பிவைக்கிறோம்" என்று கம்பெனி சொன்னால் நம்பி விமானம் ஏறிவிடாதீர்கள். பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்த் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துவது மிக மிகக் கடினம். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது" என்று சொல்லலாம். அந்த நிமிடம்வரைக்கும் நேரம் இருக்கிறது.